ஜீரோ பேலன்ஸ் கணக்கு: கொடுத்த வாக்கும் கழித்த காசும்

கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் உப்புக் குவியலைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த உப்பை வாரியவர்களின் வீட்டில் இருக்கும் வங்கி பாஸ்புக்கை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு வரலாறு இருக்கிறது. ஏழைகளுக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டு, அது சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்ட வரலாறு.

வங்கி விவகாரத்துக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இளம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட ஆய்வு நூலே ரூபாயைப் பற்றியதுதான். பணம் எப்படி நிர்வகிக்கப்படுகிறது, அதில் யார் இழக்கிறார் என்ற கேள்வியை நமக்கு விட்டுச் சென்றவர் அவர். அந்தக் கேள்வியோடுதான் இந்த வரலாற்றுக்குள் நுழைகிறோம்.

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 1980-இல் மேலும் 6. வங்கி இனி எல்லோருக்கும் என்றார்கள். கிளைகள் கிராமத்துக்கு வந்தன, ஆனால் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. கணக்குத் தொடங்க வேண்டுமென்றால் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர்கள். காலனியிலிருந்து போகிறவர் யாரிடம் போய் நின்று கையெழுத்துக் கேட்பது? சாதி பார்க்கச் சொல்லி எந்தச் சட்டமும் எழுதவில்லை. அறிமுகம் கேட்கும் ஒரு விதியே அந்த வேலையைச் செய்து முடித்தது.

2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. இருப்புத் தொகை இல்லாமலோ, மிகக் குறைந்த இருப்பிலோ எளிய கணக்குகளை வங்கிகள் தொடங்கித் தர வேண்டும் என்றது. இதன் முதல் பரிசோதனை நம் பக்கத்திலேயே நடந்தது. கூனிமேட்டிலிருந்து பாண்டிச்சேரி போய் வில்லியனூர்ப் பக்கம் திரும்பினால் வரும் மங்கலம் கிராமத்தில், இந்தியன் வங்கி வீடுதோறும் கணக்குத் தொடங்கியது. எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிச் சேவை கிடைத்த இந்தியாவின் முதல் கிராமம் என்று மங்கலம் பெயர் பெற்றது.

2012 ஆகஸ்டில் இந்தக் கணக்குக்கு 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என்று பெயர் மாறியது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ஏடிஎம் கார்டு இலவசம், மாதத்துக்கு நான்கு முறை பணம் எடுக்கலாம் என்பது விதி. 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன் தன் திட்டம் தொடங்கியது. முகாம் போட்டுக் கணக்குத் திறந்தார்கள். எண்ணிக்கை பின்னாளில் 50 கோடியைத் தாண்டியது. நம் மக்கள் 'ஜீரோ பேலன்ஸ்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட காலம் அது.

இனி வாக்கு எப்படித் திரும்பப் பெறப்பட்டது என்று பார்ப்போம். 'உங்கள் இலவசக் கணக்கை ரத்து செய்கிறோம்' என்று எந்த வங்கியும் அறிவிக்கவில்லை. மூன்று வழிகளில் அது நடந்தது.

முதல் வழி, அபராதம். பாரத ஸ்டேட் வங்கி 2012-இல் கைவிட்ட குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை 2017 ஏப்ரல் 1 முதல் மீண்டும் கொண்டுவந்தது. கிராமக் கிளையில் 1,000 ரூபாய், பெருநகரத்தில் 5,000 ரூபாய். ஜன் தன், அடிப்படைக் கணக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஏழைக்கு விலக்கு இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை அந்த ஒரு வங்கி மட்டும் இப்படிப் பிடித்தது 1,771 கோடி ரூபாய். அதன் ஒரு காலாண்டு லாபத்தைவிட அதிகம். எதிர்ப்பு எழுந்து தொகை குறைக்கப்பட்டு, 2020 மார்ச்சில்தான் நிபந்தனை நீக்கப்பட்டது. மற்ற பொதுத்துறை வங்கிகள் தொடர்ந்தன. 2024-இல் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கின்படி, ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் வசூலித்த இந்த அபராதம் ஏறத்தாழ 8,500 கோடி. இருப்பு இல்லாதவர்களிடமிருந்து, இருப்பு இல்லை என்பதற்காகவே எடுக்கப்பட்ட பணம் இது.

இரண்டாவது வழி, எண்ணிக்கை. மாதம் நான்கு முறை என்ற வரம்பைத் தாண்டினால், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்தது ஸ்டேட் வங்கி. யுபிஐ-யில் அனுப்பினாலும் பிடித்தது. ஐஐடி பம்பாய் ஆய்வு இதை வெளிக்கொண்டு வந்தது. 2015 முதல் 2020 வரை ஏறக்குறைய 12 கோடி அடிப்படைக் கணக்குகளிலிருந்து 300 கோடிக்கு மேல் பிடிக்கப்பட்டது என்றும், இது ரிசர்வ் வங்கி விதிக்கே முரண் என்றும் அந்த ஆய்வு சொன்னது. 2020 ஆகஸ்டில் நேரடி வரிகள் வாரியம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. ஆனால் 2020 ஜனவரி 1-க்குப் பிறகு பிடித்ததை மட்டும்தான். அதற்கு முந்தைய 164 கோடி வங்கியிடமே நிற்கிறது என்று 2021-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

17 ரூபாய் 70 காசு என்பது யாருக்கு என்ன? கூனிமேட்டுக் கடற்கரையில் கருவாடு வாங்கி, கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் பத்து முறை மொத்த வியாபாரிக்கு யுபிஐ-யில் பணம் அனுப்புகிறார். நான்கு போக ஆறுக்குக் கட்டணம் என்றால் 106 ரூபாய் 20 காசு. அவருடைய கூடையில் ஒரு நாள் லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். 'டிஜிட்டலுக்கு மாறுங்கள்' என்று அவரிடம் க்யூஆர் அட்டையைக் கொடுத்தது யார்?

மூன்றாவது வழி, வகை மாற்றம். சிறு வியாபாரிகளை அதிகம் தாக்குவது இதுதான். முழு ஆவணங்கள் இல்லாமல் திறக்கப்பட்ட 'சிறு கணக்கில்' ஓர் ஆண்டில் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வரக்கூடாது. ஒரு நாளைக்கு 300 ரூபாய் க்யூஆரில் விழுந்தாலே 334 நாளில் அந்த எல்லை தாண்டிவிடும். அது லாபம் அல்ல, வெறும் விற்றுமுதல். தாண்டியதும் கணக்கு முடங்கும். விசாரிக்கப் போனால், 'நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள், கரண்ட் அக்கவுண்ட் தொடங்குங்கள்' என்பார்கள். கரண்ட் அக்கவுண்டில் பல ஆயிரம் ரூபாய் இருப்பு வைக்க வேண்டும், வட்டி கிடையாது, ரொக்கம் செலுத்தவும் வரம்புக்கு மேல் கட்டணம். இலவசக் கணக்கை யாரும் மூடவில்லை. அதற்குள் இருக்கும் தகுதியை நம் மக்கள் 'இழந்துவிட்டார்கள்', அவ்வளவுதான்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலமற்ற நிலை குறித்து அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்ற நிபந்தனை காகிதத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நிலம்தான் நம் கையில் இல்லை. ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை. பட்டா மாறியது, வகைப்பாடு மாறியது, பதிவேடு மாறியது. வங்கிக் கணக்கும் நிலமும் ஒன்றல்ல. ஆனால் உரிமையைச் சலுகையாகக் காட்டிக் கொடுத்து, அதைப் பதிவேட்டுக்குள்ளேயே கரைத்துவிடும் முறை ஒன்றுதான்.

வசதியான நாட்டிலும் வங்கிகள் இப்படித்தான். 2012-இல் பிரிட்டனில் சான்டாண்டர் வங்கி, 'என்றைக்கும் இலவசம்' என்ற வாக்கை நம்பி வந்த சிறு வணிகர்களை மாதக் கட்டணக் கணக்குக்கு மாற்ற முற்பட்டது. அந்த வணிகர்கள் வாக்குறுதியை நினைவில் வைத்திருந்தார்கள், எடுத்துக் காட்டிக் கேட்டார்கள். நம் மக்களுக்கு எந்த விதியின் கீழ் கணக்குத் திறக்கப்பட்டது என்றே சொல்லப்படவில்லை.

மழைக்காலத்தில் இதன் வலி கூடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளப் பாத்தியில் வேலை இருக்காது. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு அறிவித்த 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கணக்கில்தான் வரும். அந்தக் கணக்கு முடங்கியிருந்தால், அல்லது பழைய அபராதம் அதில் கழிக்கப்பட்டால், அடுத்து நிற்பது வட்டிக்காரர் வாசலில். ஒரு கட்டணத்தின் முழு விலை பாஸ்புக்கில் அச்சாவதில்லை. அது கந்துவட்டியில் எழுதப்படுகிறது.

2025-இல் இந்தியன் வங்கி, கனரா வங்கி உள்ளிட்ட பல பொதுத்துறை வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை நீக்கின. வரவேற்கிறோம். நாடாளுமன்றக் கேள்வி, ஆய்வு, பத்திரிகைச் செய்தி, மக்கள் கோபம் எல்லாம் சேர்ந்து அழுத்தம் கொடுத்த பிறகு நடந்தது இது. ஆனால் 2012-இல் நீக்கி 2017-இல் திரும்பக் கொண்டுவந்த வரலாற்றை நாம் பார்த்துவிட்டோம்.

கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் பத்து பாஸ்புக்குகளை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் எந்த வகைக் கணக்கு, எந்தத் தேதியில் என்ன கட்டணம் பிடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சாதாரணச் சேமிப்புக் கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றக் கேட்டு எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுக்கலாம். மனுவின் நகலில் வங்கி முத்திரை வாங்க மறக்காதீர்கள். அபராதம் பிடிப்பதால் சேமிப்புக் கணக்கின் இருப்பு மைனஸில் போகக் கூடாது என்பது 2015 ஏப்ரல் முதல் விதி. அப்படிப் போயிருந்தால் திருப்பிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிறவர்கள் முதலில் தேடியது பழைய பதிவேடுகளைத்தான். நம் தலைமுறையின் பதிவேடு அம்மாவின் புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதை இப்போதே வாசிக்கத் தொடங்குவோம்.