கர்த்தார்பூர்: இரு மரபினர் உரிமை கொண்டாடிய தலம்

மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலவுக்கு அதிக தொலைவிலல்லாத நாலந்தாவில், கெடிகே எனப்படும் பழைய கற்கோயில் ஒன்று உளது. பல்லவர் கட்டட மரபை நினைவூட்டும் அக்கோயிலில் இந்துக் கலைமரபும் பௌத்த மரபும் கலந்து விளங்குகின்றன. போவதென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு அதன் கற்களைப் பெயர்த்தெடுத்து உயர்ந்த நிலத்தில் மீளக் கட்டினர். இவ்வாறு இரு மரபுகள் கூடியதும், நீருக்கு இடங்கொடுத்து மீண்டெழுந்ததுமான தலம் பஞ்சாபிலும் ஒன்றுண்டு. சீக்கியர் போற்றும் கர்த்தார்பூரே அது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

சீக்கிய சமயத்தின் முதற்குருவாகிய நானக் 1469ஆம் ஆண்டில், இன்று நன்கானா சாகிபு என வழங்கும் தல்வண்டியிற் பிறந்தார். சுல்தான்பூரிற் பண்டசாலைக் கணக்கராகச் சிலகாலம் கடமையாற்றியபின், இரபாப் என்னும் நரம்புக்கருவியை மீட்டும் மர்தானா என்ற முசிலிம் அன்பருடன் பல நாடுகளுக்கும் யாத்திரை சென்றார். அவர் ஈழத்துக்கும் வந்தார் எனச் சனம்சாகிகள் என்னும் பழைய சரித நூல்கள் கூறுகின்றன. ஆயினும் அந்நூல்கள் குருவின் மறைவுக்குப் பல்லாண்டுகளின் பின் எழுந்தவை. ஆராய்ச்சியாளர் மக்லியொட் இவ்வருகையை வரலாற்றுண்மையாக ஏற்றுக்கொண்டாரல்லர். மரபு வேறு, சான்று வேறு என்பதை வரலாறு கற்போர் மறத்தலாகாது.

யாத்திரைகளை முடித்த குரு, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராவி நதிக்கரையிற் கர்த்தார்பூரை நிறுவினார். ‘படைத்தோன் நகர்’ என்பது அப்பெயரின் பொருள். துறவுக்கோலம் நீங்கி, இல்லறத்தாராய் நிலத்தை உழுது பயிரிட்டார். உழைத்துண்ணல், இறைநாமம் நினைத்தல், பகிர்ந்துண்ணல் ஆகிய மூன்றும் அவர்தம் நெறியின் தூண்கள். காலையும் மாலையும் அடியார் கூடிப் பாடினர். பின்னர்ச் சாதி வேறுபாடின்றி ஒரே பந்தியில் அமர்ந்துண்டனர். லங்கர் எனப்படும் இப்பொதுப்பந்தியை நம் நாட்டு அன்னதான மடங்களோடு ஒப்பிடலாம். எனினும் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. லங்கரிலே பசித்தோர்க்கு உணவிடுவதோடு, உயர்ந்தோரையும் தாழ்த்தப்பட்டோரையும் அருகருகே இருத்துவதும் நோக்கமாயிருந்தது.

1539ஆம் ஆண்டிற் குரு இங்கேயே மறைந்தார். தம் புதல்வரை விடுத்து, இலேனா என்ற சீடரை அங்கதர் எனப் பெயரிட்டு அடுத்த குருவாக்கியிருந்தார். குருவின் உடலை எரிப்பதா புதைப்பதா என இந்துக்களும் முசிலிம்களும் வாதிட்டனரென்றும், போர்வையை நீக்கியபோது மலர்களே காணப்பட்டனவென்றும், அவற்றை இருசாராரும் பகிர்ந்துகொண்டனரென்றும் மரபு கூறும். இதனையொத்த கதை கபீரைப் பற்றியும் வழங்குதலின், இதனை நிகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும், இருசாராரும் ஒருவரைத் தம்மவரெனக் கருதினர் என்ற உண்மையை அக்கதை காத்துவைத்திருக்கின்றது. சமாதியும் கல்லறையும் இன்றும் அத்தலத்தில் ஒருங்கேயுள்ளன.

இராவியின் வெள்ளம் பழைய ஊரை அழித்தது. குருவின் வழித்தோன்றல்கள் மறுகரையிலே தேரா பாபா நானக் என்னும் ஊரை அமைத்தனர். கர்த்தார்பூரில் இன்றுள்ள வெண்ணிறக் கட்டடம், பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் உதவிய பொருளால் 1920களில் எழுந்தது.

1947ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நாட்டைப் பிரித்த எல்லைக்கோடு இத்தலத்தை அடியாரிடமிருந்து பிரித்தது. குருதாசுபூர் மாவட்டத்தின் நான்கு வட்டங்களுள், இராவிக்கு மேற்கேயுள்ள சக்கர்கர் மட்டும் பாக்கித்தானுக்குச் சென்றது. கர்த்தார்பூர் அவ்வட்டத்தினுள் அமைந்திருந்தது. எல்லையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலிருந்தும், இந்தியச் சீக்கியர் பலர் தொலைநோக்கியினூடாகவே அதனை வழிபட்டனர். குருவின் 550ஆம் பிறந்த ஆண்டு நிறைவையொட்டி, 2019 நவம்பர் 9ஆம் நாள் விசா வேண்டாத பாதை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 5,000 யாத்திரிகர் வரை செல்ல உடன்பாடு இடங்கொடுத்தது. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் அடைபட்ட பாதை 2021 நவம்பரில் மீளத் திறந்தது. 2025 மே மாதத்தில் இரு நாடுகளுக்குமிடையே போர் மூண்டபோது இந்தியா அதனை மீண்டும் மூடியது. அவ்வாண்டு ஆகத்திலே இராவியின் வெள்ளமும் தலத்தினுட் புகுந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வேறு சமயத்தாரும் ஒரு மனிதரைத் தம்மவரெனக் கொள்ளும்படி வாழ்தல் இயலுமென்பதை நானக் காட்டினார். அத்தகையவர் உழுத நிலத்தையே பின்வந்தோர் சமய அடிப்படையில் எழுந்த எல்லையால் அடைத்தனர். வெள்ளம் வடிந்தால் தலம் மீண்டும் வெளிப்படும். மனிதர் இட்ட வேலியோ தானாக வடிவதில்லை. கதிர்காமத்திலே பல சமயத்தார் ஒருங்கு கூடுதலைக் கண்டு வளர்ந்த நாம், அவ்வழக்கத்தின் அருமையை உணர்தல் வேண்டும். அதனைக் காப்பது நம் கடன்.