முதனிக் குருத்தணுக்களும் கைமிராக் கருக்களும்

குரங்கு, மனிதன் உள்ளிட்ட முதனிகளின் தொடக்கநிலைக் கருவிலிருந்து பிரித்து, உடலின் எந்தத் திசுவாகவும் மாறும் திறன் குன்றாமல் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் செல்கள் முதனிக் கருக் குருத்தணுக்கள். ஒரே இனத்தையோ வேறு இனங்களையோ சேர்ந்த இரு வேறு உயிர்களின் செல்கள் கலந்து வளரும் கருவைக் கைமிரா என்பர்.

சுண்டெலியின் கருக் குருத்தணுக்கள் 1981இல் கிடைத்தன. முதனிகளுக்கு மேலும் 14 ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் 1995இல் ரீசஸ் குரங்கின் கருவிலிருந்தும், 1998இல் மனிதக் கருவிலிருந்தும் இவற்றை வளர்த்தெடுத்தார். சுண்டெலிச் செல்களைக் காப்பாற்றிய எல்ஐஎஃப் புரதம் இவற்றுக்குப் போதவில்லை. எலிக்கருவின் நார்த்திசுச் செல்களைத் தட்டில் படுகையாக விரித்து, அதன்மேல் வளர்த்தனர். ஒவ்வொன்றாகப் பிரித்தால் பெரும்பாலானவை மடிந்தன. அந்த இழப்பைப் பெருமளவு குறைத்த வேதிப்பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் கண்டறிந்தனர்.

வளர்த்த செல்லை வேறொரு கருவோடு சேர்ப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. ஒரிகானில் ஷௌக்ராத் மிதாலிபோவ் குழு குரங்குக் கருவுக்குள் செலுத்திய குரங்குக் குருத்தணுக்கள் கலக்கவில்லை. நான்கு செல் பருவத்துக் கருக்களையே ஒன்றோடொன்று ஒட்டவைத்தபோதுதான் கைமிராக் குட்டிகள் பிறந்தன. அது 2012இல் வெளியானது. வளர்ப்புத் தட்டில் இருந்த செல்களின் வளர்ச்சிப் பருவம், ஏற்கும் கருவின் பருவத்தைக் கடந்திருந்ததே தடை. அவற்றை முந்தைய பருவத்துக்குத் திருப்பும் ஊடகங்களைத் தேடுவதே அடுத்த பத்தாண்டின் முதன்மைப் பணியாயிற்று.

மாற்று உறுப்புக்குக் காத்திருக்கும் நோயாளிகளுக்காக விலங்கின் உடலில் மனித உறுப்புகளை வளர்க்கலாம் என்பதே இத்தேடலின் நியாயம். 2017இல் சால்க் நிறுவனம் பன்றிக் கருவில் மனிதச் செல்களைச் சேர்த்தது. ஒரு லட்சத்தில் ஒன்றுகூட மனிதச் செல்லாக நிலைக்கவில்லை. பன்றி நமக்குத் தொலைவான உறவு. எனவே சீனாவின் குன்மிங்கில், நமக்கு நெருங்கிய உறவான நண்டுண்ணும் மக்காக்குக் குரங்கின் 132 கருக்களில், ஒவ்வொன்றிலும் 25 மனிதச் செல்களைச் செலுத்தினர். 19ஆம் நாளில் மூன்று கருக்களே எஞ்சின. எதையும் கருப்பையில் வைக்கவில்லை; முழு வளர்ச்சியும் தட்டிலேயே நடந்தது. 2021இல் வெளியான இந்த ஆய்வு உலகெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. மனிதச் செல்கள் குரங்கின் மூளையிலோ இனப்பெருக்க உறுப்பிலோ குடியேறினால் என்ன ஆகும் என்ற அச்சம் வீண் பயமல்ல.

அதே ஆண்டு, பன்னாட்டுக் குருத்தணு ஆய்வுச் சங்கத்தின் நெறிமுறைகள் மனித-விலங்குக் கைமிராக் கருக்களை மனிதர் அல்லது வாலில்லாக் குரங்குகளின் கருப்பையில் வைப்பதைத் தடைசெய்தன. மக்காக்கு வாலுள்ள குரங்கு. அதன் கருப்பையை அத்தடை குறிப்பிடவில்லை. அந்த இடைவெளி உடனே அடைக்கப்பட வேண்டும்.