பார்ன்

ஆங்கில நாவல்களை மொழிபெயர்ப்போர் 'பார்ன்' என்பதைத் தொழுவம் என்றோ களஞ்சியம் என்றோ எழுதிவிடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. பழைய ஆங்கிலத்தில் 'பெரே' என்றால் வாற்கோதுமை, 'ஏர்ன்' என்றால் வீடு. இரண்டும் சேர்ந்து தேய்ந்ததே 'பார்ன்'. ஆக, தொடக்கத்தில் அது தானிய வீடு. மழைக்கு அஞ்சிய இங்கிலாந்து உழவர் கதிர்க்கட்டுகளை அதனுள் அடுக்கி, அங்கேயே போரடித்து, எதிரெதிர் கதவுகளைத் திறந்து அந்தக் காற்றில் தூற்றினார்கள். அமெரிக்காவுக்குப் போன பிறகு மாடும் குதிரையும் அதே கூரையின்கீழ் வந்தன; பொருளும் விரிந்தது. ஆக்ஸ்போர்டுஷயரின் கிரேட் காக்ஸ்வெல்லில் 1292 வாக்கில் எழுந்த கல் பார்ன் ஒன்று இன்றும் நிற்கிறது. தடித்த கற்சுவர், கற்பலகைக் கூரை, உள்ளே கல் பீடங்களின்மேல் ஓக் மரத் தூண்கள். ஆங்கில எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் அதைப் பேராலயத்துக்கு நிகராக வைத்துப் போற்றினார். பலர் அதைத் 'தைத் பார்ன்', அதாவது தசமபாகக் கதிர் வைக்கும் இடம், என்பார்கள், அதுவும் பிழை. அது பியூலி மடத்துத் துறவியரின் சொந்தப் பண்ணை விளைச்சலுக்காகக் கட்டப்பட்டது. அத்தகைய மடத்துப் பண்ணைக்கு 'கிரேஞ்ச்' என்று பெயர். தானியத்தைக் குறிக்கும் 'கிரானும்' என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். நமக்குப் போரடிக்கும் களம் வெட்டவெளி; களஞ்சியமோ அடித்துத் தூற்றிய மணிக்கு உரியது. கதிரும் களமும் ஒரே கூரைக்குள் இருக்கும் இக்கட்டடத்துக்குக் 'கதிர்க்கூடம்' பொருந்தும். மாடு கட்டியிருந்தால் மட்டும் தொழுவம் என்று எழுதுங்கள்.