வீட்டுத் தரைப் பாவுபொருள்கள்

வீட்டுத் தரைப் பாவுபொருள் என்பது, அடிக் கான்கிரீட்டின் மீதோ மாடித் தளத்தின் மீதோ இறுதிப் பரப்பாக அமைக்கப்பட்டு, நடக்கவும் உட்காரவும் படுக்கவும் கழுவித் துடைக்கவும் பயன்படும் பொருளைக் குறிக்கும். செராமிக் டைல்ஸ், விட்ரிஃபைடு டைல்ஸ், கிரானைட், மார்பிள், கடப்பாக்கல், மொசைக், காவித் தரை, ஆத்தங்குடிக் கல், மரம், வினைல் ஆகியன தென்னிந்திய வீடுகளில் இன்று காணப்படுகின்றன. மண்ணைத் திமிசுக்கட்டையால் இறுக்கிச் சாணம் மெழுகிய தரை கிராமங்களில் நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது. சிமெண்ட் வந்தபின் அது சிமெண்ட் தரைக்கும் மொசைக்குக்கும் வழிவிட்டது. அண்மைக் காலத்தில் அவற்றின் இடத்தையும் பெரும்பாலும் டைல்ஸ் பிடித்துவிட்டது.

தரைப் பொருளைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் கடையில் விளக்கொளியில் நிறுத்தி வைக்கப்பட்ட டைல்ஸின் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். ஆனால் தமிழ்நாட்டு வீட்டில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. வெறுங்காலே தரையில் படுகிறது. நாள்தோறும் ஈரத்துணியால் துடைப்பதும், பண்டிகைக்கு முன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வழக்கம். ஆகவே ஒரு பொருள் தண்ணீரோடு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே தேர்வின் முதற்கேள்வியாக இருக்க வேண்டும். நிறமும் வடிவமும் அதற்குப் பின்னரே வருபவை.

செராமிக், விட்ரிஃபைடு டைல்ஸ்

செராமிக் டைல், களிமண், ஃபெல்ஸ்பார், சிலிக்கா மணல் ஆகியவற்றை நீரில் அரைத்துக் குழம்பாக்கி, அதை உலர்த்திப் பொடியாக்கி, பேரழுத்தப் பொறியில் அழுத்தி, சூளையில் சுட்டுச் செய்யப்படுவது. அதன் மேல் இடப்படும் கிளேஸ் என்னும் கண்ணாடிப்பூச்சே நிறத்தையும் வழவழப்பையும் தருகிறது. பூச்சுக்கு அடியிலுள்ள உடல் நுண்துளைகள் நிறைந்தது. ஃபெல்ஸ்பாரின் பங்கைக் கூட்டிச் சுமார் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, ஃபெல்ஸ்பார் உருகித் துளைகளை அடைத்துவிடுவதால் உடல் முழுவதும் கண்ணாடித்தன்மை பெறுகிறது. இவ்வாறு பெறப்படுவதே விட்ரிஃபைடு டைல். இந்தியாவில் செய்யப்படும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆலைகளிலிருந்தே வருகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை எடைக்கணக்கில் அளக்கலாம். உலர்ந்த டைலை எடைபோட்டு, அதன் துளைகளில் நீர் முழுமையாக ஏறும்படி செய்து மீண்டும் எடைபோட்டால் கூடிய எடை நூற்றுக்கு எத்தனை என்பதே நீர் உறிஞ்சுதிறன். ஐ.எஸ்.ஓ. 13006 என்னும் பன்னாட்டுத் தரநிலை அழுத்திச் செய்யும் டைல்ஸை இந்த அளவைக் கொண்டே வகுக்கிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15622-உம் அவ்வழியையே பின்பற்றுகிறது. 0.5 விழுக்காட்டுக்கு மிகாதது விட்ரிஃபைடு. 3 முதல் 6 விழுக்காடு வரையுள்ளது வழக்கமான செராமிக் தரை டைல். 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டது சுவருக்கு மட்டுமே உரியது. சுவர் டைல் விலை குறைவு என்பதற்காக அதைத் தரையில் பதிப்பது பெருந்தவறு. அதன் உடல் வலுக்குறைந்தது. கட்டில் கால், பீரோ ஆகியவற்றின் பாரத்தில் உடையக்கூடியது. அன்றியும் ஈரத்தை உறிஞ்சி உடல் சிறிது பருக்கும்போது மேற்பூச்சில் மயிரிழை விரிசல்கள் ஓடி, அவற்றில் அழுக்கு ஏறிவிடும்.

விட்ரிஃபைடு வகையிலும் உட்பிரிவுகள் பல. இரண்டு நிறப் பொடிகளை அடுக்கி ஒருசேர அழுத்துவதால் மேலே 3 முதல் 4 மி.மீ. தடிமனுக்கு நிற அடுக்கு அமைவது டபுள் சார்ஜ். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் ஓடுவது ஃபுல் பாடி. விட்ரிஃபைடு உடலின் மேல் அச்சிட்டுக் கண்ணாடிப்பூச்சு இடப்படுவது கிளேஸ்டு விட்ரிஃபைடு. இறுதி வகையில் மார்பிளையும் மரத்தையும் அப்படியே நகலெடுத்த தோற்றம் கிடைக்கிறது. எனினும் அந்தத் தோற்றம் மெல்லிய மேற்பூச்சளவே என்பதால், கனமான பொருள் விழுந்து மூலை சிதறினால் அடியிலுள்ள வேறு நிறம் வெளித்தெரியும். ஆள் நடமாட்டமும் பொருள் இழுப்பும் மிகுந்த கூடத்துக்கு டபுள் சார்ஜே நம்பகமானது. ஆனால் பூச்சில்லாமல் மெருகேற்றப்பட்ட பரப்பில் மெருகின்போது திறந்துகொண்ட நுண்துளைகள் இருக்கக்கூடும். வெளிர்நிறத் தரையில் சிந்திய மஞ்சள்பொடியும் எண்ணெயும் அவற்றில் தங்கிவிடுவதால் உடனே துடைத்தெடுக்க வேண்டும்.

கண்ணாடிப்பூச்சின் தேய்மானத் தாங்குதிறன் பி.இ.ஐ. என்னும் 0 முதல் 5 வரையுள்ள படிநிலைகளால் குறிக்கப்படுகிறது. படுக்கையறைக்கு 3-ஆம் படியும், கூடத்துக்கும் முன்வாசலுக்கும் 4-ஆம் படியும் போதுமானவை. உண்மையில் பூச்சைத் தேய்ப்பது காலன்று, காலோடு வரும் மணலே. மணலின் முதன்மைக் கனிமமான குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7 பெறுவது. பெரும்பாலான மேற்பூச்சுகள் அதைவிட மென்மையானவை. எனவே கடற்கரை ஊர்களிலும் மண் முற்றம் உடைய வீடுகளிலும் மிகுந்த பளபளப்புள்ள டைல் விரைவில் மங்கிவிடும். பளபளப்பற்ற மேட் வகை நீடித்து நிற்கும்.

வழுக்கல்

ஈரத்தில் வழுக்காத தன்மையே வீட்டுத் தரையில் உயிரோடு தொடர்புடைய பண்பு. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பழையபடி எழுந்து நடப்பது அரிது. இருப்பினும் தேர்வின்போது மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வியும் இதுவே.

வழுக்கலை அளக்க ஜெர்மனியில் உருவான முறையில், சாய்வை மெல்ல உயர்த்தக்கூடிய மேடையில் டைல்ஸைப் பதித்து, அதன் மேல் ஒருவரை முன்னும் பின்னும் நடக்கச் செய்து, எந்தக் கோணத்தில் அவருக்குக் கால் வழுக்குகிறது என்று பார்க்கின்றனர். எண்ணெய் பூசிய பரப்பில் காலணியோடு நடந்து பெறும் மதிப்பு ஆர் 9 முதல் ஆர் 13 வரை வகுக்கப்படுகிறது. ஆர் 9 என்பது 6 முதல் 10 பாகை வரையும், ஆர் 10 என்பது 19 பாகை வரையும், ஆர் 11 என்பது 27 பாகை வரையும் தாங்குவது. சோப்பு நீர் ஓடும் பரப்பில் வெறுங்காலோடு நடந்து பெறும் மதிப்போ தனியாக ஏ, பி, சி என வகுக்கப்பட்டு, முறையே 12, 18, 24 பாகைகளைக் கீழ்வரம்பாகக் கொண்டது. கடைகளில் காட்டப்படும் பட்டியல்களில் பெரும்பாலும் முதல் மதிப்பே அச்சிடப்பட்டிருக்கும். வெறுங்கால் வீட்டின் குளியலறைக்கு வேண்டியதோ இரண்டாவது மதிப்பு. அதில் பி வகையைக் கேட்டு வாங்குவது தக்கது. சமையலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் ஆர் 10-க்குக் குறையாத மேட் பரப்பு வேண்டும். குளியலறையில் ஓர் அடிச் சதுரம் அல்லது அதனினும் சிறிய டைல்ஸ் பதிப்பது இருவகையில் நன்று: இணைப்புக் கோடுகள் மிகுவதால் காலுக்குப் பிடிமானம் கூடுகிறது, தண்ணீர் வாட்டம் எடுப்பதும் எளிதாகிறது.

கல்லும் சிமெண்டும்

இயற்கைக் கற்களில் கிரானைட் சிலிக்கேட் கனிமங்களால் ஆனது. சமையலறை அமிலங்களுக்கு அசையாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் குவாரிகள் இதற்குப் பெயர்பெற்றவை. மார்பிள், ராஜஸ்தானின் கோட்டா கல், ஆந்திரத்தின் கடப்பாக்கல் ஆகியவை கால்சியம் கார்பனேட்டை முதன்மையாகக் கொண்டவை என்பதால், எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ பட்ட இடத்தில் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கிய தடம் விழும். அது கறையன்று, கல்லே கரைந்த குழிவு. சோப்பால் போகாது, மீண்டும் மெருகேற்றியே நீக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் இவ்வகைக் கற்களுக்கும், எல்லா டைல்ஸின் சிமெண்ட் இணைப்புகளுக்கும் கேடு.

சிமெண்டைக் கொண்டு அமைப்பவற்றில் சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியின் கல் தனிச்சிறப்புடையது. இது சூளை காணாதது. சட்டத்துக்குள் கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து, அதன் மேல் பூவேலை அறைகள் கொண்ட உலோக அச்சை இருத்தி, ஒவ்வோர் அறையிலும் நிறப்பொடி கலந்த சிமெண்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகின்றனர். பின் கைநடுக்கமின்றி அச்சைத் தூக்கிவிட்டு, அதன் மேல் உலர்ந்த மணற்சிமெண்ட் கலவையைத் தூவி, இறுதியில் ஈரக் கலவையிட்டு மட்டம் செய்கின்றனர். இறுகிய கல்லை நீர்த்தொட்டியில் சில நாள் ஊறவைத்து உலர்த்தியபின் கண்ணாடி பிரிந்துவர, கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் மெருகோடு வெளிப்படுகிறது. கையால் ஊற்றப்படுவதால் ஒரு கல்லின் கோடு மற்றொன்றின் கோட்டோடு மயிரிழை விலகி நிற்கும்; அச்சிட்ட டைல்ஸில் காணக் கிடைக்காத உயிர்ப்பு அதில்தான் இருக்கிறது. ஆள் நடக்க நடக்கவும், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கவும் இதன் மெருகு கூடுகிறது. ஆனால் இது நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும், அமிலத்துக்கு ஆற்றாது. கூடத்துக்கும் திண்ணைக்கும் இது மிகப் பொருத்தமானது. குளியலறைக்கும் அடுப்படிக்கும் உகந்ததன்று. காவித் தரையும் மொசைக்கும் இணைப்புக் கோடுகள் குறைந்தவை, நீண்ட ஆயுள் உடையவை. அவற்றைத் தேர்ந்த கையோடு இழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவருவதே அவற்றின் குறை.

மரத்தரையும், மரத்தூள் பலகையின் மேல் படம் ஒட்டிய லேமினேட்டும் ஈரம் பட்டால் உப்பிக்கொள்வதால் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டுக்குப் பொருந்தா. கறையான் அச்சமும் உண்டு. கல்லும் டைல்ஸும் காலின் வெப்பத்தை விரைந்து வாங்கிக்கொள்வதால் குளிர்ச்சியாகத் தோன்றுகின்றன. உதகை, கொடைக்கானல் போன்ற குளிரூர்களில் மரத்தை விரும்புவதற்கு இதுவே காரணம். வினைல் ஈரத்தைத் தாங்கும். வாடகை வீட்டில் பழைய தரையை மூடுவதற்கு அது ஏற்றது.

பதித்தலும் அளவும்

நல்ல டைல்ஸும் தவறாகப் பதித்தால் நிலைக்காது. நுண்துளையுள்ள செராமிக்கில் சிமெண்ட் பால் ஊடுருவிப் பற்றிக்கொள்கிறது. நீரை ஏற்காத விட்ரிஃபைடில் அவ்வாறு பற்ற வழியில்லை. அதற்குப் பாலிமர் சேர்ந்த ஒட்டுப்பசையைப் பல்வெட்டுக் கரண்டியால் முழுப்பரப்பும் சீவி இட்டுப் பதிப்பதே சரியான முறை. பதித்தபின் நாணயத்தால் தட்டிப் பார்க்கையில் பொந்தான ஒலி எழும் டைலைப் பெயர்த்து மறுபடி பதிக்கச் செய்ய வேண்டும். இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் பதிப்பது இக்கால விருப்பமாக இருந்தாலும், வெப்பத்தில் விரியும் டைல்ஸ் ஒன்றையொன்று தள்ளிக் கோடையில் நடுக்கூடத்தில் கூடாரம்போல் எழும்பிவிடக்கூடும். ஸ்பேசர் வைத்து 2 முதல் 3 மி.மீ. இடைவெளியும், சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் மறையும் சிறு இடைவெளியும் விட்டால் இது நேராது. குளியலறைத் தரை மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ. வரை வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். டைல் பதிப்பதற்கு முன் அடித்தளத்திலேயே நீர்க்காப்புப் பூச்சு இட்டிருக்க வேண்டும், ஏனெனில் இணைப்புகள் வழியே இறங்கும் நீரை டைல்ஸ் தடுப்பதில்லை.

வாங்கும் அளவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இரண்டடிச் சதுர டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி ஏறத்தாழ 15.5 சதுர அடியை மூடும். 12-க்கு 14 அடி அறையின் பரப்பு 168 சதுர அடி; வெட்டுச் சேதத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 185 சதுர அடி, அதாவது 12 பெட்டிகள். மூலைவிட்டமாகப் பதித்தால் சேதம் மேலும் கூடும். ஸ்கர்ட்டிங்குக்கு உரியது இதில் சேராது. ஒரே வடிவமாயினும் சூளைக்குச் சூளை நிறமும் அளவும் நூலளவு மாறுவதால், எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பதிக்கும் முன்னரே சரிபார்க்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்துக் குழாய்ப் பழுதுக்காகத் தரையை உடைக்க நேரும்போது அதே டைல் கடையில் கிடைப்பது அரிதாதலால், அதே பேட்சில் ஒரு பெட்டியையேனும் கூடுதலாக வாங்கி வீட்டில் எடுத்துவைப்பது வழக்கம்.