பெட்டி படுக்கை - வீடு மாறும் மெத்தையின் வரலாறு

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவனைப் பற்றித் தமிழில் எப்படிச் சொல்வார்கள்? "பெட்டி படுக்கையோடு கிளம்பிட்டான்" என்பார்கள். ஒருவன் தோற்றுப்போய் ஊரைக் காலி செய்தால் "பாயைச் சுருட்டிக்கிட்டான்" என்பார்கள். யோசித்துப் பாருங்கள்... வீட்டில் அண்டா, குண்டா, உரல், அம்மி என்று எத்தனையோ இருக்க, கிளம்புவதற்கு அடையாளமாகப் படுக்கையை ஏன் சொன்னார்கள்?

காரணம் எளிது. போகிற இடத்தில் அடுப்பு கிடைக்கும், பானை கூட இரவல் கிடைக்கும். படுக்கை கிடைக்காது! அதனால் மனிதன் எங்கே போனாலும் படுக்கையும் கூடவே போனது. சுருட்டினால் அக்குளில் அடங்கிய அந்தப் படுக்கை இன்று நாலு பேர் பிடித்தாலும் மாடிப்படியில் திரும்ப மறுக்கும் மெத்தையாக எப்படி மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை. கதை நடக்கும் இடம் பெரும்பாலும் திமிரியும் அதைச் சுற்றியுள்ள தோல் தொழில் ஊர்களும்.

திமிரிக்கு வந்த படை

திமிரி, ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் உள்ள சிறிய ஊர். வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு, 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. சின்ன ஊர்தானே என்று நினைக்க வேண்டாம், சரித்திரப் புத்தகத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. 1751ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடிக்க வந்தபோது, உள்ளே இருந்த படை சண்டை போடாமலே கோட்டையைக் காலி செய்தது. அப்படிக் கிளம்பியவர்கள் வந்து தங்கியது திமிரிக் கோட்டைப் பக்கம்தான். கிளைவ் அங்கேயும் துரத்திக்கொண்டு வந்தான். அந்தக் காலத்து ஆங்கில வரலாற்று நூல்களில் இந்த ஊர் "டிமெரி" என்று வரும்.

ஒரு கோட்டையையே ஒரே மூச்சில் காலி செய்ய முடிந்த காலம் அது. சாதாரண மனிதனின் படுக்கை என்பது ஒரு கோரைப்பாய், ஒரு ஜமக்காளம், ஒரு தலையணை. இவ்வளவுதான். பாய்க்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. வந்தவாசிக் கோரைப்பாய் இன்றும் பெயர் பெற்றது. சுருட்டு, கயிறு கட்டு, தோளில் போடு... முடிந்தது! மழை வந்தால் நனையும், வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். கிழிந்தால் அடுத்த சந்தையில் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

மெத்தை என்பது பணக்காரர் சமாச்சாரம். சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு யானைத் தந்தத்தில் கால், அன்னத்தின் மெல்லிய இறகால் மெத்தை என்று வருகிறது. மாடி வைத்த வீட்டை "மெத்தை வீடு" என்று சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆக, அந்தச் சொல்லிலேயே வசதியின் வாசனை அடிக்கிறது.

இலவு காத்த கிளிக்குத் தெரியாத ரகசியம்

இலவங்காய் பழுக்கும் என்று காத்திருந்து, கடைசியில் அது வெடித்துப் பஞ்சு பறந்ததும் ஏமாந்து போன கிளியின் கதை எல்லோருக்கும் தெரியும். கிளிக்குப் பிரயோஜனம் இல்லாத அந்தப் பஞ்சுதான் தமிழ்நாட்டு மெத்தையின் உயிர். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பெயர் போன ஊர்.

இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறும் குழாய், அதில் இருப்பது காற்று. மேலே மெழுகு போன்ற ஒரு பூச்சு. அதனால் அது எடை குறைவு, தண்ணீரையும் லேசில் உறிஞ்சாது. கப்பல்களில் உயிர் காக்கும் சட்டைகளுக்குள் ஒரு காலத்தில் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். 1942ல் ஜப்பான் ஜாவாத் தீவைப் பிடித்ததும் இலவம்பஞ்சு வரத்து நின்றுபோனது. அமெரிக்கா ஒரு வகை எருக்குச் செடியின் பஞ்சைப் பொறுக்கிச் சமாளித்தது என்பது சுவாரசியமான செய்தி!

இந்த மெத்தைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வண்டியில் மடித்துப் போட்டாலும் அது சாவதில்லை. கட்டி தட்டினால் தையலைப் பிரித்து, பஞ்சை வெளியே எடுத்து, வில்லால் அடித்து, வெயிலில் காட்டித் திரும்ப அடைத்துத் தைத்தால் புது மெத்தை. தெருவில் "பஞ்சு அடிக்கிறது...." என்று குரல் கொடுத்துக்கொண்டு போனவர்கள் செய்த வேலை அதுதான். ஆக, அந்தக் காலத்தில் வீடு மாறும்போது மெத்தைக்குத் தேவைப்பட்ட பாதுகாப்பு ஒரு பழைய புடவையும் கொஞ்சம் கயிறும்தான்.

ரயில் வந்தது, ஹோல்டால் வந்தது

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியது. சென்னை ராயபுரத்தில் கிளம்பி அது வந்து நின்ற இடம், திமிரிக்குப் பக்கத்திலேயே உள்ள வாலாஜா ரோடு! பின்பு பாதை மேற்கே நீண்டு ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று போனது. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. தோல் வியாபாரம் செழித்த இந்த ஊர்களின் மக்கள் அதிகமாக ஊர் விட்டு ஊர் போகத் தொடங்கினார்கள்.

ரயில் பெட்டியில் இருந்தது மரப்பலகை. ஊர்களில் இருந்த முசாபரி பங்களாவில் கட்டில் இருந்தாலும், படுக்கை விரிப்பைத் தங்குகிறவர்தான் கொண்டுவர வேண்டும். எனவே படுக்கையைப் பயணத்தில் காப்பாற்ற ஒரு சாதனம் தேவைப்பட்டது. அதுதான் ஹோல்டால்.

கெட்டியான கான்வாஸ் துணி. ஒரு முனையில் தலையணை வைக்க ஒரு பை, மறு முனையில் துணிமணிக்கு ஒரு பை. நடுவில் மெல்லிய பஞ்சு மெத்தையை விரித்து, பக்கத்து மடிப்புகளை மேலே போட்டு, இறுக்கமாகச் சுருட்டி, தோல் வார் இரண்டைப் பக்கிளில் மாட்டி இழுத்தால் படுக்கை உருளை மாதிரி ஆகிவிடும். தூக்க ஒரு தோல் கைப்பிடி. வெளியே அழுக்கு, மழை, கரி எது பட்டாலும் உள்ளே மெத்தை பத்திரம். கயிறு மெத்தையை அறுக்கும், அகலமான தோல் வார் அறுக்காது. சின்ன விஷயம்தான், ஆனால் மெத்தையைக் கட்டுவதில் அதுவே பெரிய பாடம்.

பிளேக் காலம்

படுக்கை கூடவே போனால் நோயும் கூடவே போகும் என்பது சீக்கிரமே தெரியவந்தது. 1896ல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897ல் தொற்று நோய்ச் சட்டம் வந்தது. 1898ல் பெங்களூரிலும் பிளேக்! பெங்களூர் - சென்னைப் பாதையில் இருந்த வட ஆற்காடு ஜில்லாவுக்கு இது வாசலில் நின்ற ஆபத்து. ரயில் பயணிகளைச் சோதிக்கும் முறை வந்தது. நோய் கண்ட ஊர்களில் துணியையும் படுக்கையையும் மருந்துத் தண்ணீரில் முக்கினார்கள், பல இடங்களில் கொளுத்தவும் செய்தார்கள்.

வீட்டில் இருப்பதே ஒரு மெத்தை, அதையும் எரித்துவிட்டால் ஏழை என்ன செய்வான்? இதனால் மக்களுக்கு அதிகாரிகள் மீது கடும் கோபம் இருந்தது. அதே 1898ல்தான் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் மீதுள்ள தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புகிறது என்று கண்டறிந்தார். ஆக, படுக்கையில் பயப்பட ஏதோ இருந்தது உண்மை. ஆனால் இருந்த ஒரே படுக்கையும் எரிந்து போனதுதான் ஏழைகளுக்கு வலித்தது.

இன்றைக்குப் பிளேக் பயம் இல்லை, மூட்டைப்பூச்சி பயம் உண்டு. பெயரிலேயே மூட்டை இருக்கிறது பாருங்கள்! வீடு மாறும் மூட்டையோடுதான் அதுவும் குடி மாறும். மெத்தையின் தையல் ஓரத்தில் ஒளிந்துகொள்வது அதன் வழக்கம். அதனால் கிளம்பும் முன் வெயிலில் வைத்துத் தையல் மடிப்புகளைப் பார்ப்பது வெறும் சாஸ்திரம் அல்ல, அவசியம்.

இரண்டு அங்குல நுரை செய்த வேலை

ஹோல்டாலை ஒழித்தது யார் தெரியுமா? ஒரு ரயில்வே மந்திரி! 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டிகளின் மரப்பலகை மீது இரண்டு அங்குல நுரை வைக்க ஏற்பாடு செய்தார். சாமானியன் முதுகுக்கும் மெத்தை கிடைத்தது. அதன் பிறகு படுக்கையைத் தூக்கிக்கொண்டு போகும் தேவை குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஹோல்டால் பரணுக்குப் போனது.

அதே நுரை வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 1929ல் டன்லப் நிறுவனத்தில் ரப்பர் பாலை அடித்து நுரையாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். திமிரிக்கு அருகில் ராணிப்பேட்டையிலேயே எம்.எம். ஃபோம் என்ற பெயரில் ரப்பர் நுரை மெத்தை தயாரானது என்பது இந்தப் பகுதி மக்கள் பெருமையோடு சொல்லத்தக்க விஷயம். கூடவே தேங்காய் நாரில் ரப்பர் சேர்த்த மெத்தை வந்தது, ஸ்பிரிங் மெத்தை வந்தது. கல்யாணச் சீரில் கட்டில், மெத்தை, பீரோ என்பது கட்டாயம் போல் ஆகிவிட்டது. பெற்றவர்கள் கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுத்தார்கள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். இந்தப் புது மெத்தைகளை மடிக்கக் கூடாது, பிரித்துப் பஞ்சு அடிக்கவும் முடியாது. கெட்டால் கெட்டதுதான்!

குட்டி யானை மேல் மெத்தை

2005ல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாடு அதற்குச் செல்லமாக வைத்த பெயர் குட்டி யானை. இன்று ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலும் தோல் ஷாப்பிலும் வேலை செய்து வாடகை வீட்டில் குடியிருக்கிறவர்கள் வீடு மாறுவது பெரும்பாலும் அதில்தான். அதன் பின்பக்கத் தட்டு சுமார் ஏழு அடி நீளம், அகலம் ஐந்து அடிக்கும் குறைவு. டபுள் காட் மெத்தையோ ஆறே கால் அடிக்கு ஐந்து அடி! படுக்க வைத்தால் அடங்காது. அதனால் பீரோ, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் மேலே தூக்கிப் போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நடுவில் வளைகிறது, கயிறு ஓரத்தை அறுக்கிறது, வண்டி ஓடும்போது காற்று தூக்குகிறது. பத்து கிலோமீட்டர் பயணத்தில் பல மாதச் சம்பளப் பொருள் பாழாகிறது.

மேலே பார்த்த வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

முதலில், எந்த ஜாதி மெத்தை என்று பார்க்க வேண்டும். இலவம்பஞ்சு என்றால் மடிக்கலாம். நார், ஸ்பிரிங் இரண்டையும் மடித்தால் உள்ளே உடையும், அவற்றை வண்டியின் பக்கவாட்டில் நெட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும். பக்கத்தில் பீரோவின் தட்டையான முதுகு இருந்தால் நல்லது. ரப்பர் நுரையை வெயிலில் நெடுநேரம் வைக்கக் கூடாது, வெயிலில் ரப்பர் பொடிந்துவிடும்.

இரண்டாவது, உள்ளே பழைய புடவை அல்லது போர்வை, வெளியே பிளாஸ்டிக் தாள். துணி அழுக்கையும் உரசலையும் தாங்கும், பிளாஸ்டிக் மழையைத் தாங்கும். ஹோல்டாலின் கான்வாஸ் ஒன்றே செய்த வேலையை இங்கே இரண்டு பேர் செய்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் பிளாஸ்டிக்கை உடனே பிரித்துவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, மெல்லிய கயிறு கூடாது. அகலமான நாடா வேண்டும். கயிறுதான் இருக்கிறது என்றால் ஓரத்தில் அட்டையை மடித்து வைத்து அதன் மேல் கட்ட வேண்டும். தோல் வார் சொன்ன பாடம் இது.

நான்காவது, ஆடியிலும் மார்கழியிலும் குடி போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதோடு ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த மாதங்களின் மழை எப்படிப்பட்டது என்று தெரியும். நனைந்த நுரை மெத்தை உள்ளே காய்வதற்குள் நாற்றம் வந்துவிடும்.

முடிவுரை

கதையின் கடைசித் திருப்பம் வேடிக்கையானது. இப்போது இணையத்தில் வாங்கும் சில நுரை மெத்தைகளை இயந்திரத்தில் நசுக்கி, காற்றை உறிஞ்சி, பாய் மாதிரி சுருட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். பிரித்ததும் உப்பி எழுந்துவிடும். ஆனால் அடுத்த முறை வீடு மாறும்போது அதே பெட்டியில் திரும்பப் போகாது. அதை அப்படிச் சுருட்டும் இயந்திரம் யார் வீட்டிலும் இல்லையே!

1751ல் திமிரிக்கு வந்தவர்களின் பாய், வரும்போதும் சுருண்டது, போகும்போதும் சுருண்டது. இன்றைய மெத்தை வரும்போது மட்டும் சுருளும். சொந்த வீட்டுக்காரனை நினைத்துச் செய்த பொருள் அது. பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருந்து, வீட்டுக்காரர் சொன்னால் கிளம்ப வேண்டியவர்களோ இன்னும் "பெட்டி படுக்கை" மனிதர்கள்தான். அவர்களுக்கு ஒரு பழைய போர்வையும் நாலு முழம் அகல நாடாவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், சீராக வந்த அந்த மெத்தை இன்னும் பல வீடுகள் பார்க்கும்.