பெல்மதுளையிலிருந்து ஓர் இராப்பயணம்

அவுஸ்திரேலியாவில் 'ரொகெய்னிங்' என்றொரு விளையாட்டு உண்டு. இருவர் முதல் ஐவர் வரையான குழு, நிலப்படமும் திசைகாட்டியும் கொண்டு, கரடுமுரடான காட்டில் 24 மணி நேரம் நடந்து, ஆங்காங்கே வைக்கப்பட்ட குறியிடங்களைக் கண்டுபிடித்துப் புள்ளி சேர்க்கும். மெல்பேர்ண் பல்கலைக்கழக மலையேறும் கழகம் 1947 இல் நடத்திய நடைப் போட்டியில் இதற்கு வேர் இருக்கிறது. இன்றைய பெயர் 1976 இல் வந்தது. அதன் விதிகளில் ஒன்றே என்னை எழுதத் தூண்டியது. குழுவினர் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்திலேயே நடக்க வேண்டும். ஒருவர் விலகினால் குழு முழுவதும் விலக வேண்டும்.

இந்த விதியை நான் பத்து வயதில், பெல்மதுளைத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் கேட்டிருக்கிறேன்.

சிவனொளிபாதமலை என்றதும் பலருக்கு அட்டனும் நல்லதண்ணியுமே நினைவுக்கு வரும். ஆனால் மலையின் பழைய வாசல் சப்ரகமுவப் பக்கம்தான். மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு யாத்திரைக் காலம் முடிந்ததும் மலையிலிருந்து இறங்கும் சமன் தெய்வத்தின் திருவுருவம், பெல்மதுளை கல்பொத்தாவல ரஜமகா விகாரையில்தான் தங்குகிறது. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி அங்கிருந்தே ஊர்வலமாகப் புறப்பட்டு 2,243 மீற்றர் உயரத்துக்குத் திரும்புகிறது.

இத்தகைய குழுப் பயணம் ஒன்றின் ஏற்பாட்டை 1344 இலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தாஞ்சியரிலிருந்து வந்த இபன் பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாதமலையைக் காண வேண்டும் என்று கேட்டார். மன்னர் பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தார். கூடவே ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், அந்தணர் மூவர், பரிவாரத்தினர் பதின்மர், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவர். வழி தெரிந்தவன், மந்திரம் தெரிந்தவன், சுமை தூக்குபவன் என எவ்வளவு கச்சிதமான கணக்கு! ஒரு தமிழ் மன்னன் ஒரு முஸ்லிமைச் சைவ யோகிகளின் துணையோடு அனுப்பிவைத்தான் என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். அட்டைக் கடிக்கு எலுமிச்சைச் சாறு பிழிவார்கள் என்றும், பாறையில் பத்துச் சங்கிலிகள் தொங்கின என்றும் பதூதா சொல்கிறார். மலைக்கு இரண்டு வழிகள் இருந்தனவாம். இலேசான வழியால் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே கருதமாட்டார்களாம்.

மலை எவருடையது என்ற வழக்கும் பழையது. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கன் அதன் பொறுப்பைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். 18 ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பிக்குகளிடம் மீட்டுக் கொடுத்தான். சிங்கள வரலாற்று நூல்கள் முன்னவனைத் தூற்றுகின்றன. ஆண்டிகள் தங்கள் தரப்பை எழுதி வைக்கவில்லை.

எங்கள் குழு 1980 இல் பலாபத்தலை வழியாக ஏறியது. இருபத்தொரு பேர். சிங்களவர் குழுத் தலைவரை 'நடே குரா' என்பார்கள். எங்களுக்கு அவர் பெரியப்பா. ஓய்வு பெற்ற கங்காணி. அரிசியை எவர் சுமப்பது, பெற்றோமாக்ஸை எவர் பிடிப்பது, முதல் முறை வரும் என்னைப் போன்றவர்கள் எவருக்குப் பின்னால் நடப்பது என்பதெல்லாம் லயத்திலேயே தீர்ந்துவிட்டது. ஒவ்வோர் அம்பலத்திலும் தலையெண்ணினார். உச்சிக்கு முந்திய ஏற்றத்தில் இருபதுதான் வந்தது.

மூடுபனி. கூப்பிட்டால் பதில் இல்லை. எல்லாரையும் படியிலேயே உட்கார வைத்துவிட்டு, இரண்டு இளைஞரைக் கீழே அனுப்பினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஓர் அத்தையைக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்தார்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம், மற்றவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று பேசாமல் ஒதுங்கியிருந்தாராம். நாங்கள் உச்சியை அடைந்தபோது சூரியன் நன்றாக மேலே வந்திருந்தது. ஒருவர் முணுமுணுத்தார். பெரியப்பா திரும்பி, "சூரியன் நாளைக்கும் வரும். இவ வீட்டுக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றார்.

ஏறிய தடவைக்கு ஒன்றாக மணி அடிப்பது வழக்கம். அவர் அடிக்க அடிக்க நாங்கள் எண்ணினோம்; 31 இல் நிறுத்தினார்.

1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பெல்மதுளையும் தப்பவில்லை. இரவில் குழுவாகப் பாதையில் நடப்பது பற்றி அந்த மார்கழியில் எங்கள் லயத்தில் எவரும் பேசவில்லை. சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைப்படி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்த பெரியப்பா குடும்பம் அடுத்த ஆண்டு தலைமன்னாரில் கப்பலேறியது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு செய்தியாளனாக நான் மறுபடியும் ஏறினேன், தனியாக, அட்டன் வழியால். இலேசான வழி, பதூதாவின் கணக்கில் அது செல்லுமோ தெரியாது. ஆயினும் மணியை இரண்டு முறை அடித்தேன்.