ஆயில் லைட் எரியுதா... நிஜ ஆபத்தா, பொய் அலாரமா? கண்டுபிடிப்பது எப்படி?

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஒரகடத்துல இருந்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் காரில் வந்துட்டிருக்கீங்கன்னு வைங்க. முன்னாடி கன்டெய்னர் லாரி, பின்னாடி கம்பெனி பஸ். திடீர்னு மீட்டரில் சிவப்பா ஒரு விளக்கு. பார்க்க அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்கும், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. "வீட்டுக்கு இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே, போய்ப் பாத்துக்கலாம்" என்றுதான் மனசு சொல்லும். அந்த அஞ்சு கிலோமீட்டரில் என்ஜினே போய்விடலாம். அல்லது அது வெறும் சென்சார் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று ஓட்டிக்கொண்டே கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அதனால் முதல் வேலை, ஓரங்கட்டி என்ஜினை ஆஃப் செய்வது. அடுத்த பங்க் வரைக்கும், அடுத்த டீக்கடை வரைக்கும் என்றெல்லாம் இல்லை. பத்திரமாக நிறுத்த இடம் கிடைத்த அந்த நொடியே.

ஏன் இவ்வளவு அவசரம்? அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஆயிலின் அழுத்தத்தைச் சொல்கிறது. என்ஜினுக்குள் கிராங்க்கும் பேரிங்கும் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் ஆயில் பம்ப் தள்ளிவிடும் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அழுத்தம் விழுந்தால் அந்தப் படலம் கிழியும், இரும்பு இரும்போடு உரசும். பேரிங் போய்விடும், முற்றினால் என்ஜின் சீஸ். அதன்பிறகு வருவது சர்வீஸ் பில் இல்லை, என்ஜின் வேலைக்கான பில்.

சில கார்களில் மஞ்சள் நிறத்தில், கீழே அலை மாதிரி கோடு போட்ட ஆயில் விளக்கும் உண்டு. அது அளவு குறைவு என்பதற்கானது. மேட்டில் ஏறும்போதோ, வளைவில் திரும்பும்போதோ சம்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால்கூட அது எரிந்து அணையும். ஸ்பேனர் படம் அல்லது 'சர்வீஸ்' என்று வருவது எச்சரிக்கையே கிடையாது. பெரும்பாலும் அது ஓடிய கிலோமீட்டரையும் நாளையும் எண்ணிச் சொல்லும் நினைவூட்டல். கடைசி சர்வீஸில் ஆயிலை மாற்றிவிட்டு அதை ரீசெட் செய்ய மறந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, வண்டியை நிறுத்தியாச்சு. சமதளத்தில் அஞ்சு, பத்து நிமிஷம் விடுங்கள். மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்க அந்த நேரம் வேண்டும். பிறகு ஆயில் ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் அளவு சரி. துடைக்காமல் பார்த்த அளவை நம்பாதீர்கள். கீழே குனிந்து தரையையும் பாருங்கள். சொட்டு இருக்கிறதா? ஸ்பீடு பிரேக்கரிலோ கல்லிலோ அடிவயிறு இடித்த சத்தம் கொஞ்ச நேரம் முன்பு கேட்டதா? அப்படியென்றால் சம்ப் உடைந்திருக்கலாம். அது பொய் அலாரம் இல்லை, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இந்த இடத்தில் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சம்ப் உடைந்தது விபத்துச் சேதம், அதற்கு க்ளெய்ம் உண்டு. ஆனால் ஆயில் ஒழுகிய பிறகும் ஓட்டி என்ஜின் சீஸ் ஆனால் அது 'அதன் தொடர்ச்சியாக வந்த சேதம்' என்ற கணக்கில் போகும். சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது. என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருக்கிறீர்களா என்று இப்போதே பாலிசியைத் திறந்து பார்ப்பது நல்லது.

அளவு சரி, ஒழுகல் இல்லை. இப்போதுதான் பொய் அலாரமாக இருக்குமோ என்று யோசிக்கவே ஆரம்பிக்கலாம்.

பெரும்பாலான கார்களில் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ரொம்ப எளிமையான பொருள். என்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும், அதற்கு ஒரு ஒயர். அழுத்தம் இல்லாதபோது உள்ளே இருக்கும் காண்டாக்ட் ஒட்டி, ஒயரை எர்த் செய்யும், விளக்கு எரியும். ஆயில் அழுத்தம் ஏறினால் காண்டாக்ட் விலகும், விளக்கு அணையும். சாவியைப் போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆன ஓரிரு நொடியில் அணைவது இதனால்தான்.

இந்த அமைப்பு எப்படியெல்லாம் பொய் சொல்லும்? அந்த ஒயர் எங்கேயாவது உரசித் தோல் போய் பாடியைத் தொட்டால், அழுத்தம் நன்றாக இருந்தாலும் விளக்கு எரியும். மெக்கானிக்குகள் "எர்த் அடிக்குது" என்பார்கள். வயசான ஸ்விட்சின் உள்ளே இருக்கும் டயஃப்ரம் கிழிந்து, ஆயில் கசிந்து கப்ளருக்குள் வரும். கப்ளரைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா? ஸ்விட்ச் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த கப்ளரும் இதே வேலையைச் செய்யும்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் மாதிரி வண்டி மூழ்கி எழுந்திருந்தால், கப்ளரைத் துடைப்பதற்கு முன் ஆயில் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஸ்டார்ட்டே செய்யக் கூடாது.

ஒயரைச் சோதிக்க எளிய வழி உண்டு. சாவி ஆன், என்ஜின் ஆஃப் நிலையில் ஸ்விட்சில் இருக்கும் ஒயரைக் கழற்றுங்கள். மேலே சொன்ன ஒற்றை ஒயர் அமைப்பாக இருந்தால் விளக்கு அணைய வேண்டும். அணையவில்லையா? ஒயர் எங்கேயோ ஷார்ட். அணைந்ததா? ஒயர் சரி, கோளாறு ஸ்விட்சில் அல்லது நிஜமாகவே அழுத்தத்தில். கம்ப்யூட்டர் வழியாக விளக்கை இயக்கும் புது மாடல்களில் இந்தச் சோதனை சரிப்படாது. அவற்றுக்கு ஸ்கேனர்தான்.

கடைசித் தீர்ப்பு சொல்வது பிரஷர் கேஜ். ஸ்விட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜைத் திருகி, என்ஜின் சூடான பிறகு பார்க்க வேண்டும். ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்முக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ என்பது பழைய பொதுக்கணக்கு. சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கேஜ் வைக்காமலே "ஸ்விட்ச் மாத்துனா சரியாகிடும் சார்" என்று சொல்லும் கடையை நான் நம்ப மாட்டேன். ஸ்விட்ச் விலை குறைவுதான், ஆனால் யூகம் தப்பினால் போவது என்ஜின்.

பொய் மாதிரி தெரிந்து நிஜமாக இருக்கும் ரகம் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி ரோடு டிராஃபிக்கில் மெதுவாக ஊர்ந்து நிற்கும்போது மட்டும் விளக்கு மினுக்குகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைகிறது. "வேகத்துல எரியல, அப்போ சென்சார்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சூட்டில் ஆயில் நீர்த்து, ஐடிலிங்கில் அழுத்தம் விழுகிறது. தேவையைவிட மெல்லிய கிரேடு ஆயில், ரொம்ப நாள் மாற்றாத ஆயில், தேய்ந்த பேரிங், அடைத்துப்போன ஸ்ட்ரெய்னர் எதுவாகவும் இருக்கலாம். பி.எஸ் 6 டீசல் கார்களில் இன்னொன்றும் உண்டு. தினமும் குறைந்த தூரமே ஓட்டினால், புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யச் செலுத்தும் டீசல் கொஞ்சம் ஆயிலோடு கலக்கும். ஸ்டிக்கில் ஆயில் குறிக்கு மேலே ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது நீர்த்த ஆயில்.

பைக் ஆட்களுக்கு: பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளில் ஆயில் விளக்கே கிடையாது. பொய் அலாரம் இல்லை, நிஜ அலாரமும் இல்லை. சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும், வண்டியை நேராக நிறுத்துங்கள். பல மாடல்களில் ஸ்டிக்கைத் திருகாமல், வெறுமனே உள்ளே வைத்துத்தான் அளக்க வேண்டும். இதே ஒரகடத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு 350-களில் பக்கவாட்டில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, பார்த்தாலே போதும். (இ.வி ஓட்டுபவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நடத்துங்க!)

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் பைக் தயாரிக்கும் யமஹா, 1960-லேயே படகுக்கான அவுட்போர்டு மோட்டார் செய்த கம்பெனி. கடலில் இந்த அலாரம் இன்னும் கொடுமை, ஓரங்கட்ட இடமே இல்லை. பல ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் ஆயில் அழுத்தம் குறைந்தால் பஸ்ஸர் அலறும், வேகமும் தானாகக் குறையும். ஆனால் என்ஜின் சூடானாலும் அதே பஸ்ஸர்தான். அதனால் படகுக்காரர்கள் முதலில் பார்ப்பது என்ஜினில் இருந்து பீய்ச்சும் தண்ணீர் வருகிறதா என்று. வரவில்லை என்றால் பிளாஸ்டிக் கவரோ பாசியோ தண்ணீர் உறிஞ்சும் வழியை அடைத்திருக்கும், ஆயில் மேல் பழியில்லை. ஆயில் தனி டேங்கில் இருக்கும் டூ-ஸ்ட்ரோக்கில் மிதவை சென்சார் அழுக்கில் சிக்கினாலும் பொய்யாக அலறும். மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து வைத்த நிலையில் ஆயிலை அளந்தால் அதுவும் தப்பு, நேராக இறக்கித்தான் அளக்க வேண்டும்.

இன்னும் ஒரு ரகப் பொய் இருக்கிறது, எரியவேண்டிய விளக்கு எரியாமல் இருப்பது. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறீர்களா? மறைமலை நகர் ஆலையில் 2022-லேயே ஃபோர்டு உற்பத்தியை நிறுத்திவிட்டாலும், அந்த கார்கள் இந்தப் பக்கம் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. எந்த கம்பெனி காராக இருந்தாலும் சரி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். மற்ற விளக்குகளோடு ஆயில் விளக்கும் எரிய வேண்டும் (சில புது மாடல்களில் எரியாது, அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள்). எரியவில்லை என்றால் ஒயரைக் கழற்றியோ பல்பைப் பிடுங்கியோ யாராவது அலாரத்தின் வாயை அடைத்திருக்கலாம். விலை பேசுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கோடு போய், கேஜ் வைத்து அழுத்தத்தை அளக்கச் சொல்லி, காட்டும் எண்ணை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.